60 லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்குக் கிளிப் ஃபேன் போதுமா?

பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் ஜோவா, மஷ்ரூம் (இரண்டும் கல் கூடு இல்லாத பவள வகைகள்), அவ்வளவுதான். (கல் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, யாராவது விற்க வந்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.) போன ஏப்ரலில் தண்ணீர் 31.5 டிகிரிக்குப் போய், ஜோவாக்கள் இரண்டு நாளாக விரியாமல் மூடியே கிடந்ததும் பயந்துபோய் கொளத்தூர் மீன் கடைகளுக்கு ஓடினேன். தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் கருவியின் விலை கட்டுப்படியாகவில்லை, தொட்டி விளிம்பில் மாட்டும் இந்த நாலு விசிறி கிளிப் ஃபேனை 1,400 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

வேலை செய்கிறதா என்றால், நன்றாகவே செய்கிறது. மேல்கண்ணாடியை எடுத்துவிட்டு (மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க வலை போட்டுவிடுங்கள்) காற்று நீர்ப்பரப்பை உரசிப் போகும்படி சாய்த்து மாட்டினேன், அன்றைக்கே 28.5க்கு இறங்கியது. ஆனால் தண்ணீரை ஆவியாக்கித்தான் இது குளிர வைக்கிறது, அதனால் கடல்காற்று வந்து கசகசவென்று வேர்க்கும் சாயங்காலங்களில் ஒன்றரை டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஃபேன் ஓடினால் எனக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் போகிறது. தங்கை கல்யாணத்துக்கு மதுரை போய் மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) இருக்க வேண்டிய உப்பு 38க்குப் பக்கத்தில் நிற்கிறது. மொத்தமாக நன்னீரை ஊற்றி நிரப்பத்தான் கை போனது, நல்லவேளை ஊற்றவில்லை, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். மீன்கள் பிழைத்தன. ஒரு மஷ்ரூம் மட்டும் சுருங்கியது சுருங்கியதுதான், இன்றும் நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அப்புறம்தான் குறைகிற தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் கருவி வாங்கினேன். அதில் உப்புத் தண்ணீர் கூடாது, டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) பூஜ்யம் காட்டும் ஆர்ஓ-டிஐ தண்ணீர், அதாவது அவற்றை வடிகட்டி நீக்கிய தண்ணீர்தான் வைக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் இந்த ஃபேனின் விலையைக் கணக்குப் போட வேண்டும்.

ஐந்தே மாதத்தில் உப்பு படிந்து ஒரு விசிறி நின்றுவிட்டது, திருகாணிகள் எல்லாம் துரு. கடல்நீர்த் தொட்டிக்கு என்று பெட்டியில் போட்டு விற்கும் பொருளுக்கு இது சரியில்லை. இப்போது வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன், மீதி மூன்றும் ஓடுகின்றன. கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும், சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் வேறு குறைவு, அதனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

சின்னத் தொட்டி, தினமும் வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் டாப்-அப் கருவியை முதலில் வாங்கிவிட்டு இதை மாட்டுங்கள்.