மலையில் டெஸ்க்டாப்: எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்

புது கம்ப்யூட்டர் வேண்டும் என்று யாராவது வந்தால் கோயம்புத்தூர் கடையில் முதலில் கேட்பது, “கேமிங்கா, ஆபீஸ் வேலையா?” என்பது. கோத்தகிரியில் நான் முதலில் கேட்பது, “மேசையை எந்தச் சுவர் ஓரம் போடப் போறீங்க?” மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்ணை ஒட்டிய பின்சுவர் கார்த்திகை மழை நின்ற பிறகும் பல வாரம் ஊறிக்கொண்டிருக்கும். அந்தச் சுவர் ஓரம்தான் மேசை என்றால், ப்ராசஸர் எது என்ற பேச்சுக்கு முன்னால் வேறு சில விஷயங்களை முடிவு செய்ய வேண்டும்.

சமவெளிக்காரர்கள் போடும் ஒப்பீடுகள் எல்லாமே சூட்டை எதிரியாக வைத்து எழுதப்பட்டவை. சென்னைக்கும் மதுரைக்கும் அது சரி. இங்கே எதிரி இரண்டு: ஈரம், கரண்ட். மலையில் ஒரு டெஸ்க்டாப்புக்கு ஒதுக்கும் காசை இந்த இரண்டையும் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் பெட்டி: மூன்றில் ஒன்று

இப்போது என்னிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் மூன்று. இன்டெல் ஐ3-12100 போட்ட புது அசெம்பிள்டு மெஷின், ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போட்ட புது மெஷின், கம்பெனி ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் பிராண்டட் பழைய மெஷின்.

ஐ3-12100, 2022 தொடக்கத்தில் வந்தது. 4 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). ரைசன் 5600ஜி அதற்கு முந்தைய வருடம் வந்தது. 6 கோர், 12 த்ரெட். எண்ணிக்கையைப் பார்த்து ரைசன்தான் பெரியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோருக்குக் கோர் வைத்துப் பார்த்தால் ஐ3 வேகம் கூடியது. பச்சைத் தேயிலைக் கணக்கு, டேலி, பிரவுசர், போட்டோஷாப் போன்ற வேலைகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோரின் வேகத்தை நம்பியே ஓடுகிறது. அங்கே ஐ3 முந்தும். அதன் உள் கிராபிக்ஸில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும், திரைக்குப் படம் தரும் பகுதி) வீடியோவைச் சுருக்கித் தரும் தனிப் பகுதி இருப்பதால், கல்யாண வீடியோவை ஏற்றுமதி செய்வதிலும் அது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உழைக்கும். வாங்கும்போது பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருக்கிறதா என்று பாருங்கள். 12100எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

5600ஜி ஜெயிக்கும் இடம் வேறு. அதன் உள் கிராபிக்ஸ் ஐ3-யுடையதைவிட நன்றாகவே பலமானது. கார்டு வாங்கக் காசில்லாத பையன் கொஞ்சம் கேமும் ஆட வேண்டும் என்றால் இதுதான். ஒரே நேரத்தில் பல கனமான வேலை ஓடும் இடத்திலும் அந்தக் கூடுதல் இரண்டு கோர் கைகொடுக்கும். குறை என்றால், அது பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசஸரோடு பேசும் வழி) 3-ஆம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. நான்காம் தலைமுறை என்விஎம்இ (இந்த வழியில் ஓடும் வேகமான எஸ்எஸ்டி) வாங்கிப் போட்டாலும் மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு மேல் போகாது. அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பழைய பிராண்டட் மெஷின் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். ‘ஐ5’ என்ற ஸ்டிக்கர் மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை வேண்டும். ஐ5-6500, ஐ5-7500 எல்லாம் அதற்கு முந்தியவை. ஐ5-8500 என்றால் சரி, 6 கோர் இருக்கிறது, ஆபீஸ் வேலைக்கு இன்றைக்கும் தாராளம். ஆனால் இந்தப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் (சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதி) மதர்போர்டும் அந்தக் கம்பெனியின் சொந்த அளவில் இருக்கும். எஸ்எம்பிஎஸ் போய்விட்டால் கோத்தகிரியிலோ குன்னூரிலோ கடையில் இருக்கும் எதையும் மாட்ட முடியாது. ஆன்லைனில் தேடி, வரும்வரை காத்திருக்க வேண்டும். தினமும் பில் போட வேண்டிய இடத்துக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளை படிக்க, வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

ராம் (ஓடும் வேலைக்கான தற்காலிக நினைவகம்) பற்றி ஒரே ஒரு விஷயம். 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்குவதா, 8 ஜிபி இரண்டாக வாங்குவதா என்றால் இரண்டாகவே வாங்குங்கள். இரண்டு தடத்தில் ஓடுவதால் வேகம் கூடும், அதுவும் ராமையே கிராபிக்ஸுக்கும் பங்கு போடும் 5600ஜி-க்கு ரொம்பவே. இன்னொரு காரணம் மலைக்கே உரியது: ஈரத்தில் ஒரு குச்சி மக்கர் செய்தால், அதைக் கழற்றிவிட்டு மற்றதை வைத்து அன்றைய வேலையை முடிக்கலாம்.

கூலர்: இங்கே காசைக் கொட்ட வேண்டாம்

ப்ராசஸரோடு டப்பாவில் வரும் கூலரா, தண்ணீர் ஓடும் லிக்விட் கூலரா? இந்தக் கேள்விக்கு மலையில் பதில் சுலபம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர், கோத்தகிரி ஏறத்தாழ 1800 மீட்டர். இந்த உயரத்தில் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு அந்த அளவுக்குக் குறையும். இதை வைத்து, மலையில் பெரிய கூலர் வேண்டும் என்று விற்பவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் அறை 35 டிகிரி, ப்ராசஸர் அதற்கு மேல் 40 டிகிரி ஏறுகிறது என்றால் மொத்தம் 75. கோத்தகிரியில் மெலிந்த காற்றால் 40-க்குப் பதில் 50 ஏறுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறை 18 டிகிரி. மொத்தம் 68தான். 60, 65 வாட் ப்ராசஸருக்கு டப்பா கூலர் போதும்.

கேபினட்டிலும் இதே கதைதான். முன்பக்கம் முழுக்க வலை, ஆறு ஃபேன், பக்கத்தில் கண்ணாடி என்று வருபவை அழகாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஃபேனும் அறையில் இருக்கும் மூடுபனியை உள்ளே இழுத்து போர்டின் மேல் தடவுகிறது. பின்னால் ஒரே ஒரு ஃபேன், முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி, கெட்டியான தகரம் போதும்.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா

கட்டபெட்டுப் பக்கம் இலை ஏஜென்ட் (பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுப்பவர்) ஒருவர் கேட்டார்: “தம்பி, மேல காத்து கம்மி, ஹார்டு டிஸ்க்கு ஓடாதுங்கறாங்களே, நெசமா?”

“ஓடும்ணா. தொட்டபெட்டா உச்சியில வச்சாலும் ஓடும்.”

இந்தப் பேச்சுக்கு ஒரு அடிப்படை உண்டு. ஹார்டு டிஸ்க்கின் உள்ளே படிக்கும் தலை, சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில், காற்று மெத்தையில் மிதக்கிறது. சாதாரண டிஸ்க்குகளில் வெளிக் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய வடிகட்டி வைத்த சிறு துளையும் இருக்கும். காற்று ரொம்ப மெலிந்தால் தலை தட்டில் உரசிவிடும். அதற்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் போடும் எல்லை சுமார் 3000 மீட்டர். தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். ஆக உயரத்தால் ஆபத்தில்லை.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. போய்ப் போய் வரும் கரண்ட்தான் அது. ஓடிக்கொண்டிருக்கும் தட்டுக்குச் சட்டென்று மின்சாரம் நின்றால் தலை அவசரமாக ஓரம் ஒதுங்க வேண்டும். ஒருமுறை, இருமுறை தாங்கும். மழைக்கால மாலையில் பத்து நிமிடத்துக்குள் நான்கு தடவை போய் வரும்போது, எழுதிக்கொண்டிருந்த இடம் அரைகுறையாக நிற்கும். என் சித்தி மகள் கல்யாணப் படங்கள் முழுவதையும் நான் வைத்திருந்தது ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில். அப்படி ஒரு மாலைக்குப் பிறகு அது ‘டிக்… டிக்…’ என்று தட்டத் தொடங்கியது, திறக்கவே இல்லை. சித்தியிடம் சொல்லப் போன அந்த நாளுக்குப் பிறகு, என் கையால் போடும் எந்த மெஷினிலும் விண்டோஸை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றியதில்லை, எதையும் ஒரே இடத்தில் வைக்க விட்டதுமில்லை.

வேகத்தைப் பார்த்தாலும் போட்டியே இல்லை. நல்ல ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 150, 200 எம்பி. சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே கேபிளில் ஓடுவது) 550 வரை. மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை. ஆனால் சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறும்போது பில் போடுகிறவர் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போதுதான் மெஷினே புதிதானது போல் இருக்கும். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய செலவு இது.

அதற்காக ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஸ்டுடியோக்காரர்களுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டியில் வேலை, 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் நகல் என்று பிரித்துக் கொடுக்கிறேன். மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் அலமாரியில் தூங்க வேண்டிய நகலுக்கு ஹார்டு டிஸ்க்தான் நம்பிக்கை. எஸ்எஸ்டி தகவலைச் சிறு மின்னேற்றமாகவே பிடித்து வைத்திருக்கிறது, கரண்டே காட்டாமல் விட்டால் அது காலப்போக்கில் கசியும்.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ்: காசு போக வேண்டிய இடம்

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று அச்சடித்திருக்கும். தனியாக வாங்கும், 80 ப்ளஸ் சான்று (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) பெற்ற எஸ்எம்பிஎஸ்ஸின் மேலும் 450 வாட் என்றுதான் இருக்கும். இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள், எடையே சொல்லிவிடும். வித்தியாசம் தெரிவது சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஹட்டி (படுகர் ஊர்) முழுக்க ஹீட்டரும் கெய்சரும் போடும் நேரத்தில். 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 170-க்கு இறங்கும். மலிவானவற்றில் பல 200 முதல் 240 வரைதான் தாங்கும், அதற்குக் கீழே போனால் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். நல்லவற்றில் ‘100–240’ என்று போட்டிருக்கும், 170 அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஊட்டிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சில எஸ்எம்பிஎஸ்களின் விவரத்தாளில் 2000 மீட்டர் வரை என்று எல்லை போட்டிருப்பார்கள். காற்று மெலியும்போது அதன் மின்காப்பும் குறைகிறது என்பதால் அந்த எல்லை. அதிகம் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

யுபிஎஸ்ஸில் சாதாரண லைன்-இன்டராக்டிவ், ஆன்லைன் என்று இரண்டு வகை. ஆன்லைன் யுபிஎஸ் எப்போதும் தன் இன்வெர்ட்டர் வழியாகவே கரண்டைப் புதிதாக உருவாக்கித் தருவதால் மாறும் நேரம் என்பதே கிடையாது. விலை பல மடங்கு, ஃபேன் இரைச்சல் ஓயாது. லைன்-இன்டராக்டிவ், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறுவதற்குச் சில மில்லிவினாடி எடுக்கும், பொதுவாகப் பத்துக்குள். நல்ல எஸ்எம்பிஎஸ் அந்த இடைவெளியைத் தன் கண்டென்சரில் இருக்கும் சேமிப்பை வைத்தே தாண்டிவிடும். எனவே நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் 600 விஏ லைன்-இன்டராக்டிவும் சேர்ந்தால் வீட்டுக்கும் கடைக்கும் போதும். ஃபேக்டரி ஆபீஸில் சர்வர் வைத்திருந்தால் மட்டும் ஆன்லைன். 600 விஏ என்றால் 600 வாட் அல்ல, பெரும்பாலும் 360தான். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, ஃபைலை சேவ் செய்து முறையாக அணைக்கும் நேரத்துக்குத்தான். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு கொஞ்சம் குறையும், மார்கழியில் நேரம் குறைந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சமவெளிச் சூட்டில் சீக்கிரம் செத்துப்போகும் அதே பேட்டரி இங்கே கூடுதல் காலம் உழைக்கும்.

இதெல்லாம் சரியான எர்த் இருந்தால்தான். பழைய எஸ்டேட் லைன் வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சித்திரை இடியும் ஐப்பசி இடியும் வரும் ஊரில் அது பெரிய ஆபத்து. இடியில் செத்த போர்டுகள் என்னிடம் வந்தவற்றில் பல, கரண்ட் வழியாக அல்ல, பழைய செம்புக் கம்பி பிராட்பேண்டின் வழியாக அடிபட்டவை. ஃபைபருக்கு மாற வழியிருந்தால் மாறிவிடுங்கள். கண்ணாடி இழை இடியைக் கடத்தாது.

ஈரம் உள்ளே செய்யும் வேலை

போன தை மாதம், பின்சுவர் ஓரம் இரண்டு மாதம் மூடிக் கிடந்த மெஷின் ஒன்றைத் திறந்தேன். பவர் போட்டால் மூன்று பீப், படம் இல்லை. ராமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, பொன் நிறப் பட்டைகளின் கீழ்விளிம்பில் மட்டும் களிம்பேறிய பித்தளைக் குத்துவிளக்குப் போல ஒரு பச்சை. பூச்சு எங்கே கீறியிருந்ததோ அங்கே உள்ளிருக்கும் செம்பு வெளியே தெரிந்து ஈரத்தோடு சேர்ந்திருந்தது. அழிரப்பர் வைத்துத் தேய்ப்பது எல்லோரும் செய்வது, ஆனால் அது பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை நனைத்த, நார் உதிராத துணியால் நான்கு முறை இழுத்துத் துடைத்து, காயவிட்டு மாட்டினேன். ஓடியது.

பனி படிவதைப் பற்றித் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் அதிகம். கீழிருந்து மலைக்கு ஏற்றிக் கொண்டுவரும் மெஷினில் ஈரம் படியாது, அது சூடாகவும் காற்று குளிராகவும் இருக்கிறது. படிவது காலையில்: இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தகரத்தின் மேல், அடுப்படியில் வெந்நீர் கொதிக்கும் ஆவியோ, ஜன்னலைத் திறந்ததும் வரும் மூடுபனியோ படும்போது. பக்கத் தகரத்தைக் கையால் தடவினால் விரல் நனையும். அன்றைக்கு ஒரு மணி நேரம் பொறுத்துப் போடுங்கள். அந்த அறையில் துணி காயப் போடாதீர்கள். மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். எல்லாவற்றையும்விட, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். அதன் சொந்தச் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும்.

இலை ஏஜென்டுக்குக் கடைசியில் நான் போட்டுக் கொடுத்தது: ஐ3-12100, 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ, டப்பா கூலர், ஒரு ஃபேன் வைத்த தகர கேபினட், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரம்) எஸ்எம்பிஎஸ், 600 விஏ யுபிஎஸ். கண்ணாடி கேபினட்டுக்கு அவர் ஒதுக்கியிருந்த காசில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குழி தோண்டி எர்த் போட்டோம்.