ஒரு பக்கம் வார்ட்ரோப், தலைக்கு மேல் பரண்: நெருக்கமான ஜன்னலில் எந்தத் திரை நிலைக்கிறது?

4 அடி அகலம், நாலரை அடி உயரம் கொண்ட மேற்குப் பார்த்த ஜன்னல். இடப்பக்கம் 2 அங்குலம் தள்ளி வார்ட்ரோப், வலப்பக்கம் 12 அங்குலத்தில் அடுத்த சுவர். சட்டத்துக்கு நேர் மேலே லிண்டல் மட்டத்தில் பரண், கீழே கட்டிலின் தலைமாடு. சென்னை அடுக்ககங்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய அமைப்புதான். ஆனால் கடையில் தைத்துத் தயாராக விற்கும் ஸ்கிரீன் எதுவும் இதற்குச் சரியாகப் பொருந்தாது.

கடையில் ஜன்னலின் நீள அகலத்தை மட்டும்தான் கேட்பார்கள். இப்படிப்பட்ட ஜன்னலில் முடிவு செய்வது வேறொரு அளவு: திரையைத் திறந்தால் துணி எங்கே போய் ஒதுங்கும்? மேல் ஓரத்தில் ஐலெட் எனும் வளையங்கள் பதித்த 4 அடிப் பேனல் (தனித் திரைத்துணி) ஒன்று ஒதுங்கினாலே 6 முதல் 8 அங்குலம் பிடிக்கும். இரண்டு பேனல் போட்டால் வார்ட்ரோப் பக்கப் பேனலுக்கு ஒதுங்க இடமில்லை. அது கண்ணாடி மேலேயே நிற்கும், பாதி வெளிச்சமும் காற்றும் போய்விடும். அதனால் ஒற்றைப் பேனல், வலப்பக்கம் மட்டும் இழுப்பது. ராடும் இங்கே வேண்டாம். பிராக்கெட்டைச் சுவரில் பூட்ட, பரணுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடமே இல்லை. பரணின் அடிப்பக்கத்தில் மேல்நோக்கித் திருகும் அலுமினிய டிராக்தான் (துணி நகரும் தண்டவாளம்) பொருத்தம்.

வெயிலையும் வெளிச்சத்தையும் அடைக்க டிராக் துணி மட்டும் போதாது. சுவரையொட்டி ஒரு பிளாக்அவுட் ரோலர் பிளைண்ட் (உருளையில் சுற்றி ஏறும், வெளிச்சம் புகாத திரை), அதற்கு முன்னால் டிராக்கில் துணி என்ற இரட்டை அமைப்பே பல ஆண்டுப் பயன்பாட்டில் தாக்குப்பிடிக்கிறது. மடிப்பு மடிப்பாக ஏறும் ரோமன் பிளைண்ட் முழுக்க மேலேறினாலும் ஜன்னலின் மேல் 20 செ.மீ.க்கு மேல் மறைத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய பட்டையும் அடர்ந்த பட்டையும் மாறி மாறி வரும் ஜீப்ரா பிளைண்ட் வரவேற்பறைக்கு அழகு. அதை முழுக்க மூடினாலும் பட்டைகளின் விளிம்பில் வெளிச்சம் கோடு கோடாக வரும், பகலில் தூங்குபவர்களுக்கு ஆகாது.

ரோலரில் பலர் ஏமாறுவது அகலத்தில்தான். பிராக்கெட்டோடு சேர்த்துச் சொல்லும் அகலத்தைவிடத் துணி ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. குறைவாக இருக்கும். சட்டத்துக்குள்ளே பூட்டினால் அந்த இடைவெளி வழியாக மாலை வெயில் கத்தி போல நேராகத் தலையணையில் விழும். வெளியே பூட்ட வேண்டும்: இடப்பக்கம் ஒன்றே முக்கால் அங்குலம், வலப்பக்கம் 4 அங்குலம் கூட்டினால் மொத்தம் 53¾ அங்குலம். சங்கிலி இருக்கும் பக்கத்தில் இடைவெளி சற்று அதிகம் என்பதால் சங்கிலி வலப்பக்கம் வரட்டும். வார்ட்ரோப் பக்கம் கசியும் வெளிச்சத்துக்கு ஒரு சின்ன வேலை போதும். ஒன்றரை அங்குல அலுமினிய எல் ஆங்கிளை (L வடிவப் பட்டை), துணிக்கு முன்னால் அரை அங்குலம் விட்டு, வார்ட்ரோப் பக்கவாட்டில் செங்குத்தாக ஒட்ட வேண்டும். பளபளப்பில்லாத அடர்நிறமாக இருக்கட்டும். வெள்ளை ஆங்கிள் வெளிச்சத்தைத் திருப்பி அறைக்குள் அடிக்கும்.

கொசுவலைக் கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால் அதன் கைப்பிடி எவ்வளவு துருத்துகிறது என்று பார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் என்றால் துணி உருளையின் முன்பக்கமாக இறங்கும்படி கேட்க வேண்டும். இல்லையென்றால் பின்பக்கம் இறங்குவதே நல்லது, சுவரோடு ஒட்டி நிற்கும்.

துளை போடுவதில் கவனம் வேண்டும். பரண் ஸ்லாப் பெரும்பாலும் இரண்டரை அங்குலக் கனம்தான். 6 மி.மீ. பிட்டில் 40 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றிக்கொண்டு, அதற்கு மேல் இறக்கக் கூடாது. முதல் 10, 12 மி.மீ. வெறும் பூச்சு, அதை மட்டும் பிடித்த பிளக் (திருகு இறங்கும் பிளாஸ்டிக் உறை), துணியை நாலு முறை இழுத்ததும் கையோடு வந்துவிடும். கடலோர ஊர்களில் சாதாரண இரும்புத் திருகு துருப்பிடித்துப் பரணின் அடியில் செம்மண் நிறக் கறை இறக்கும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு வாங்கிவிடுங்கள். ரோலர் சுவரிலிருந்து 3 அங்குலம் எடுத்துக்கொள்வதால் டிராக்கைச் சுவரிலிருந்து ஐந்தரை அங்குலத்தில் பூட்டினால்தான் மடிப்புகள் அதில் உரசாது.

டிராக் நீளம் 62 அங்குலம். துணியைத் தாங்கி டிராக்குக்குள் ஓடும் ரன்னர் 4 அங்குலத்துக்கு ஒன்று வீதம் 16 வேண்டும். இன்னும் 4 ரன்னரைப் பூட்டும்போதே உள்ளே விட்டுவையுங்கள். இரு முனையும் வார்ட்ரோப்புக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருப்பதால், ஒன்று உடைந்தால் டிராக்கையே கழற்ற நேரிடும்.

துணிக் கணக்கு: தைத்த உயரம் 60 அங்குலம். மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 4, பருத்தி சுருங்குவதற்கு 2 சேர்த்து ஒரு வெட்டு 70 அங்குலம். 54 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) இரண்டு வெட்டு, அதாவது 3¾ மீட்டர் வாங்கலாம். ஓரத் தையல் போக 103 அங்குலம் கிடைக்கும். 48 அங்குலப் பன்னா என்றால் 91தான் மிஞ்சும். அது டிராக்கைப்போல ஒன்றரை மடங்குகூட இல்லை, மடிப்பு மெலிந்து தெரியும். பருத்தியைத் தைக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்தித் தர வேண்டும். பின்புறம் ரப்பர் போலப் பூச்சு உள்ள துணியை மேற்கு ஜன்னலுக்கு வாங்காதீர்கள். வெயிலும் வாஷிங் மெஷினும் சேர்ந்து அந்தப் பூச்சைச் செதில் செதிலாக உரித்துவிடும். ரோலர் இருக்கும்போது இந்தத் துணிக்குப் பிளாக்அவுட் தேவையே இல்லை.

நாளாக நாளாக ரோலரில் வரும் முதல் தொல்லை, துணி ஒரு பக்கமாக ஏறிச் சுற்றுவது. ஓரம் பிராக்கெட்டில் உரசி நூல் பிரியும். பிராக்கெட் மட்டம் சரியா என்று ரசமட்டத்தில் பாருங்கள். சரியாக இருந்தும் இடப்பக்கம் நகர்ந்தால், துணியை முழுக்க இறக்கி, உருளையின் வலப்பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கனம் கூடிய பக்கத்துக்குத் துணி நகரும். அடுத்து தேய்வது சங்கிலி ஓடும் பிளாஸ்டிக் கிளட்ச். அதை மட்டும் தனியாக மாற்றலாம், பிளைண்டையே மாற்றச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். மின்விசிறிக் காற்றில், பிளைண்டின் கீழ் ஓரத்தில் உள்ள அடிப்பட்டை ஜன்னல் விளிம்பில் தட்டி ராத்திரி முழுக்க டக் டக் என்று சத்தம் வரும். பட்டையின் பின்னால் இரண்டு இடத்தில் ஃபெல்ட் ஒட்டினால் நின்றுவிடும்.

கட்டில் ஜன்னலடியில் இருப்பதால் ஒன்றை விடவே கூடாது. சங்கிலி வளையத்தின் அடியைச் சுவரில் கிளிப் வைத்து விறைப்பாகப் பூட்ட வேண்டும். தொங்கும் வளையம் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல், தயார் நிலையில் விற்கும் பிளைண்டுகளில் கயிறே இருக்கக் கூடாது, இருந்தாலும் கைக்கு எட்டாததாகவோ மிகக் குட்டையாகவோ இருக்க வேண்டும் என்ற தரவிதி வந்ததும் இதனால்தான். நம் ஊர்க் கடைகளில் கிளிப் பெட்டிக்குள் கிடந்தும், பூட்ட வருபவர் அவசரத்தில் விட்டுப் போவதுண்டு. அவர் ட்ரில்லை எடுத்து வைப்பதற்கு முன்பே கேட்டுப் பூட்டச் சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தை உள்ள வீடானால் ஸ்பிரிங் வைத்த சங்கிலியில்லா ரோலரே சரி. கொஞ்சம் விலை கூடும், கொடுக்கலாம்.