ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ்: எந்த பட்டனை எப்போது தொடுவது?

எந்தத் திசையின் ஒலியை எடுப்பது என்று தீர்மானிக்கும் பேட்டர்ன் ஒன்பது, மைக்கின் சிக்னலை -6, -12, -18 டெசிபல் குறைக்கும் பேட் மூன்று, அடித்தொனியை வெட்டும் லோ கட் மூன்று. ஏகேஜியின் இந்த கண்டென்சர் மைக்கில் பட்டன்களுக்குப் பஞ்சமே இல்லை. பேச்சு, பாட்டு, கிட்டார், டிரம் என்று எல்லாவற்றையும் இந்த ஒரு மைக்கிலேயே முடித்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், சத்தம் உடைந்தவுடன் பலரும் முதலில் கை வைப்பது பேடில்தான். பெரும்பாலும் தவறு அங்கே இருப்பதில்லை.

பேட் போடாமலே இது 140 டெசிபல் வரை தாங்கும். சாதாரணமாகப் பாடும் குரல் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே ரெக்கார்டிங் கிளிப் ஆனால், அதாவது அளவு மீறி ஒலி உடைந்தால், முதலில் மைக்கின் முன்பக்க விளக்கைப் பாருங்கள். அது சிவப்பானால் மைக்கே திணறுகிறது, பேட் போட வேண்டியதுதான். சிவப்பாகாமல் கிளிப் ஆனால் கோளாறு, மைக்கைக் கணினியுடன் இணைக்கும் இன்டர்ஃபேஸில். அதில் சிக்னலைப் பெருக்கும் கெயினைக் குறைத்து, மீட்டரில் உச்சம் -12க்கும் -10 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். கெயின் அடிமட்டத்தில் இருந்தும் உடைகிறதா? அப்போது பேடுக்கு வேலை உண்டு. இது 94 டெசிபல் ஒலிக்கே 20 மில்லிவோல்ட் தரும் மைக். 124 டெசிபலில் அது 630 மில்லிவோல்ட்டைத் தாண்டிவிடும். டிரம், ட்ரம்பெட் பக்கத்தில் வைத்தால் சில ப்ரீஆம்ப்கள் (இன்டர்ஃபேஸுக்குள் சிக்னலைப் பெருக்கும் பகுதி) தாங்காது. -6 பேடில் தொடங்குங்கள். தேவையில்லாமல் -18 போட்டுவிட்டு கெயினை ஏற்றினால் ப்ரீஆம்பின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். 6 டெசிபல் மட்டுமே உள்ளிரைச்சல் கொண்ட மைக்கை வாங்கி அப்படிப் பயன்படுத்துவது வீண்.

லோ கட்டில் 40 ஹெர்ட்ஸ் தரை அதிர்வுக்கும் காலடிச் சத்தத்துக்கும் போதும். பேச்சுக்கு 80. இரண்டும் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 12 டெசிபல் வெட்டும். 160 மட்டும் 6 டெசிபல்தான், சரிவு மென்மையானது. மைக்கை நெருங்கிப் பாடும்போது பேஸ் வீங்குகிறதே, அதைச் சமன் செய்ய வைத்தது இது. ஆனால் சற்றுத் தள்ளி நின்றாலே வீக்கம் நன்றாகக் குறையும். அதைச் செய்து பார்த்த பிறகு 160க்குப் போங்கள். 'ப', 'ட' வெடிப்பதற்கு லோ கட் முழு மருந்தல்ல. பாப் ஃபில்டர் வேண்டும், மைக்கைக் கொஞ்சம் சாய்த்தும் வைக்க வேண்டும்.

பேட்டர்ன்தான் இந்த மைக்கின் உண்மையான பலம். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவருக்கு முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் ஃபிகர் எய்ட் போட்டு, மைக்கின் பக்கவாட்டுப் பகுதி கிட்டாரைப் பார்க்கும்படி திருப்புங்கள். அந்தத் திசையில் அதற்குக் காது மந்தம், குரல் தனியாகப் பிரிந்து வரும். முன்பக்கத்தையே குறுகலாகக் கேட்கும் ஹைப்பர்கார்டியாய்டில் ஒரு எச்சரிக்கை: நேர் பின்பக்கம் ஓரளவு கேட்கும். லேப்டாப் விசிறியை அங்கே வைக்காமல், முன்பக்கத்திலிருந்து 110 டிகிரி தள்ளி வையுங்கள். எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னியில் நெருங்கிப் பாடினாலும் பேஸ் வீங்காது, ஆனால் அறையின் எதிரொலி முழுவதும் உள்ளே வந்துவிடும். மெத்தை, திரை எதுவும் இல்லாத அறையென்றால் அதை மறந்துவிடலாம்.

ஏற்கனவே கூர்மையான குரலென்றால் உயர் அதிர்வெண்ணைச் சற்றே தூக்கிக் காட்டும் இதன் இன்னொரு மாடலான எக்ஸ்எல்2 வேண்டாம், எக்ஸ்எல்எஸ்தான் பொருத்தம்.

குறையென்றால், கை தவறிப் பட்டாலே செட்டிங் மாறிவிடும். எல்லாம் சரியானதும் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து லாக் செய்துவிடுங்கள். ஒயரைக் கழற்றும் முன் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து, ஒயர் வழியே மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அணைக்கவும்.