வேல்ஸ் வரலாறு: 1979-இல் தொடங்குவதா, 1997-இல் தொடங்குவதா?

வேல்ஸ் அரசியலைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில்தான் திணறுவார்கள். இரண்டிலும், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸுக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் தனி அவை வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது.

முடிவு
1979: மார்ச் 1, வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் திருநாள். அந்த நாளிலேயே வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் 'வேண்டாம்' என்றார்கள்.
1997: செப்டம்பர் 18. 'வேண்டும்' ஜெயித்தது, வெறும் 6,721 ஓட்டில்.

விறுவிறுப்பு
1979: வேல்ஸின் எட்டு கவுண்டிகளிலும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) தோல்வி. வெல்ஷ் மொழி செழித்த க்வினெத்கூட கைவிட்டது.
1997: இரவு முழுக்க 'வேண்டாம்' முன்னால் போனது. கடைசியாக வந்த கார்மார்த்தன்ஷயர் கவுண்டியின் முடிவு கணக்கையே புரட்டிப் போட்டது. தேர்தல் இரவு ரசிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பண்பாடு
1979: இங்கேதான் சரக்கு அதிகம். மே மாதம் பிரிட்டன் பிரதமராகத் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். வெல்ஷ் தொலைக்காட்சிக்குத் தனி அலைவரிசை தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியது. 1980-இல் வெல்ஷ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்குமுன்பே அரசு பணிந்தது. 1982 நவம்பரில் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியான எஸ்4சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்புறம் 1979-ஐ வெறும் தோல்வி என்று எப்படிச் சொல்வது?
1997: பலன் 1999-இல் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் கூடிய அவை. பண்பாட்டுக் கதை இதில் கொஞ்சம் மெலிவு.

சரி, எது யாருக்கு? இன்றைய கார்டிஃப் அரசு எப்படி வந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் 1997. மொழிப் போராட்டம் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் 1979.