ரசல் மார்க்கெட் மத்திக் கடை: வைட்டமின் டி-க்காக மீன் வாங்குபவர்களுக்கு

சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் மீன் பகுதிக்குள் நுழைந்து, வஞ்சிரமும் இறாலும் பரப்பி வைத்திருக்கும் முன்வரிசையைத் தாண்டிப் போனால் ஒரு சின்னக் கடை வரும். மத்தியும் கானாங்கெளுத்தியும்தான் அங்கே பிரதானம். பெயர்ப்பலகை இல்லை, தமிழ் பேசும் அண்ணன் ஒருவர் நடத்துகிறார். மாத்திரையை நம்பாமல் சாப்பாட்டிலிருந்தே வைட்டமின் டி கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற, மீன் சாப்பிடுகிற பெங்களூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கணக்கைப் பாருங்கள். பெரியவர்களுக்கு நாளைக்கு 600 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. பிளஸ் எஃப் (+F) முத்திரை போட்ட, வைட்டமின் சேர்த்துச் செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 ஐ.யூ. இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி சொல்கிறது, அப்படியானால் 200 மில்லி டம்ளர் ஒன்றில் 40 முதல் 60 தான். முட்டை ஒன்றில் சுமார் 40, அதுவும் மஞ்சள் கருவில். இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ராகி சாப்பிடச் சொல்வார்கள், கால்சியத்துக்கு அது அருமை, ஆனால் வைட்டமின் டி அதில் கிடையாது. இத்தனையையும் கூட்டினாலும் 600-க்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. கொழுப்பு மீன் மட்டும்தான் கணக்கை மாற்றுகிறது: அமெரிக்க வேளாண் துறைப் பட்டியலில் அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்கு 100 கிராமில் 640 ஐ.யூ.-வை ஒட்டி, டப்பாவில் அடைத்த மத்திக்கு 190 சொச்சம். நம் கடல் மீன் வேறு இனம், அந்த எண்ணை அப்படியே இங்கே போடக் கூடாது. மீனின் கொழுப்போடுதான் டி இருக்கிறது, கொழுப்போ பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும்.

அதனால்தான் எந்த மீன் எப்போது கொழுத்திருக்கும் என்று தெரிந்த கடைக்காரர் முக்கியம். இந்த அண்ணன் கேட்காமலேயே செவுளைத் தூக்கிக் காட்டுவார், வயிற்றை விரலால் அமுக்கி, குழி விழுந்து அப்படியே நின்றால் அந்த மீனை ஓரமாகத் தள்ளிவிடுவார். போன தடவை நான் மத்தி கேட்டதற்கு, "இன்னைக்கு மத்தி வேணாம்மா, வயிறு உடைஞ்சிருக்கு, பங்குடே எடுத்துக்கோங்க, காலையிலதான் மங்களூர் லோடு வந்துச்சு" என்றார். பங்குடே என்றால் கானாங்கெளுத்திதான். மத்தி அவர் முன்னாலேயே கூடை நிறைய இருந்தது, தள்ளிவிட்டிருக்கலாம், செய்யவில்லை. விலையும் வஞ்சிரத்தில் பாதிகூட வராது.

குறையும் சொல்ல வேண்டும். வெட்டும் பையன் அவசரக்காரன். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே கானாங்கெளுத்தியின் வயிற்றுச் சதையை முழுசாக அரிந்து வீசிவிடுவான், கேட்காமலே தோலையும் உரிப்பான். கொழுப்பு அதிகம் இருப்பதே அந்த அடிவயிற்றிலும் தோலுக்கு அடியிலும்தான், அதை எறிந்துவிட்டு வைட்டமினுக்காக மீன் வாங்குவதில் என்ன பிரயோஜனம்? "குடலை மட்டும் எடுப்பா, தோல் இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தரையெல்லாம் தண்ணீர், நல்ல செருப்பு போட்டுப் போகாதீர்கள். வண்டி நிறுத்த இடம் தேடுவது தனிக் கொடுமை, பஸ் உத்தமம்.

வீட்டில் குழம்பாகவே வையுங்கள். சால்மனில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், எண்ணெயில் பொரித்ததில் டி பாதியாகக் குறைந்தது, ஓவனில் சுட்டதில் அப்படிக் குறையவில்லை. குழம்பில் கொஞ்சம் கரைந்தாலும் சோற்றோடு நம் தட்டுக்குத்தானே வருகிறது. மாங்காய் போட்டு வைத்த மத்திக் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

சைவக்காரர்களுக்கு இந்தக் கடையால் பயனில்லை. அவர்கள் காளான் வாங்கி, நறுக்கி, உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுச் சமைக்கலாம், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் அதில் டி2 என்ற வகை வைட்டமின் டி உருவாகும். இருட்டறையில் வளர்ந்து நேராக பிரிட்ஜுக்குப் போன காளானில் அது அநேகமாக இருக்காது.

இன்னொன்று, ரத்தப் பரிசோதனையில் ரொம்பக் குறைவு என்று வந்திருந்தால் மீனை நம்பி உட்காராதீர்கள். வாரம் ஒருமுறை எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தரும் 60,000 ஐ.யூ.-வை எந்தக் குழம்பும் ஈடுகட்டாது. அந்தக் கோர்ஸை முடித்த பிறகு அளவு மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த மீன், முட்டை, பால், கூடவே கொஞ்சம் வெயில் எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது மங்களூர் வரத்து குறைந்து ஐஸில் கிடந்த மீன் அதிகம் வரும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் வரும் மத்திதான் நெய் வடியும் மத்தி, அதற்குக் காத்திருந்து வாங்குங்கள்.