பழைய செவ்ரோலெட் சி10 பிக்கப்: பெட்ரோலுக்கு மெக்கானிக்கல் பம்ப்பா, எலெக்ட்ரிக் பம்ப்பா?

350 கன அங்குல வி8 என்ஜினும் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் பாகம்) கொண்ட, 1970களின் செவ்ரோலெட் சி10 பிக்கப்கள் அமெரிக்காவில் இன்றும் சுமை இழுக்கின்றன. இவற்றின் கார்புரேட்டர் வாயிலில் 5 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) வரை பெட்ரோல் அழுத்தம் இருந்தால் போதும். அதைத் தாண்டினால், மிதவையான ஃப்ளோட்டால் பெட்ரோல் நுழையும் வழியை அடைக்கும் ஊசியான நீடிலை இறுக மூட முடியாமல் பெட்ரோல் வழியத் தொடங்கும். குறைந்தாலும் சிக்கல்தான்: குவாட்ராஜெட்டில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் சிறியது, நீடிலும் ஒன்றே என்பதால், சுமையோடு மேடேறும்போது கிண்ணம் வற்றி என்ஜின் திணறும்.

என்ஜினோடு வந்த மெக்கானிக்கல் பம்ப்பைப் பலர் எடுத்த எடுப்பிலேயே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. என்ஜின் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டால் இயங்கும் ராட் (கம்பி) பம்ப்பின் கையைத் தள்ள, அந்தக் கை டயஃப்ரம் என்ற நெகிழும் சவ்வை இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. வெளியே தள்ளும் வேலையை உள்ளிருக்கும் ஸ்பிரிங் செய்கிறது. ஆகவே அழுத்தத்தைத் தீர்மானிப்பது என்ஜினின் வேகமன்று, அந்த ஸ்பிரிங்கின் பலமே. நீடில் மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, டயஃப்ரம் அப்படியே நின்றுவிடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தனி ரெகுலேட்டரோ வயரிங்கோ தேவையில்லை; என்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும் என்பதால் விபத்து நேரத்தில் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை.

குறைகளும் உண்டு. டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கக்கூடும் என்பதால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். பம்ப் என்ஜின் பிளாக்கிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் சூடேறுகிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் எளிதில் ஆவியாவதால், கோடையில் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் கழித்துக் கிளப்பும்போது லைனில் ஆவி அடைத்துக்கொள்வதும் நடக்கும்.

எலெக்ட்ரிக் பம்ப் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். டேங்குக்கு அருகே, சேஸியில் தாழ்வாகப் பொருத்தினால், அது பெட்ரோலைச் சூட்டிலிருந்து விலகிய இடத்திலிருந்தே அழுத்தத்துடன் தள்ளுவதால் ஆவி அடைப்பு குறைகிறது. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியிலும் சாவியைத் திருப்பிய சில நொடிகளில் கிண்ணம் நிரம்பிவிடும். ஆனால் பம்ப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஹாலி நிறுவனத்தின் சிவப்பு பம்ப் சுமார் 7 பி.எஸ்.ஐ.யோடு நின்றுகொள்ளும், நீல பம்ப் 14 வரை போகும் என்பதால், அதை ரெகுலேட்டர் இல்லாமல் கார்புரேட்டரோடு இணைக்கவே கூடாது. இரண்டுமே இரைச்சலானவை. ஆயில் அழுத்தம் இல்லாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்சைத் தவிர்த்துவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அது இல்லாவிட்டால், வண்டி கவிழ்ந்து என்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ரெகுலேட்டரிலும் இரு வகை உண்டு. ரிட்டர்ன் இல்லாத வகையை மாட்டுவது எளிது, ஆனால் நீடில் மூடியதும் பெட்ரோல் லைனிலேயே தேங்கிச் சூடேறும். ரிட்டர்ன் வகை மிகுதியை டேங்குக்குத் திருப்பி அனுப்புவதால் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அழுத்தமும் நிலையாக நிற்கிறது. கூடுதலாக ஒரு லைன் இழுக்கும் சிரமம் இருந்தாலும், எலெக்ட்ரிக் பம்ப் என்று முடிவெடுத்தவர் இதையே வாங்க வேண்டும்.

எதையும் வாங்குமுன் கார்புரேட்டர் வாயிலில் கேஜ் மாட்டி அளந்து பார்ப்பது அவசியம். திரவம் நிரப்பிய கேஜ் பானட்டுக்கு அடியில் சூடேறினால் குறைத்துக் காட்டும். உலர் கேஜே நம்பகமானது. அழுத்தம் 6 என்று காட்டியும் பெட்ரோல் வழிகிறது என்றால் குற்றம் நீடிலிலோ ஃப்ளோட் மட்டத்திலோ இருக்கிறது, ரெகுலேட்டர் அதைத் தீர்க்காது. அழுத்தம் சரியாக இருந்தும் மேட்டில் திணறினால், குவாட்ராஜெட்டின் வாயில் நட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய ஃபில்டரை முதலில் மாற்ற வேண்டும்.

மாற்றம் எதுவும் செய்யாத ஸ்டாக் என்ஜினோடு அன்றாடம் ஓடும் வண்டிக்குப் புதிய மெக்கானிக்கல் பம்ப்பே என் தேர்வு. அதை மாட்டும்போது உள்ளிருக்கும் ராட் கீழே நழுவி வந்து தொல்லை கொடுக்கும்; பிளாக்கின் முன்புறத் துளையில் நீளமான போல்ட் ஒன்றை விரலால் மட்டும் மெல்லத் திருகினால் ராட் மேலேயே நிற்கும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி, பழைய குட்டை போல்ட்டை மாட்டிய பிறகுதான் என்ஜினைக் கிளப்ப வேண்டும்.