செடி அருமை, தொட்டி மாற்றும் சேவை வேண்டாம்

கும்பகோணம் – தஞ்சாவூர் சாலையோரம் இருக்கும் ஒரு நர்சரியில் போன தை மாதம் நான்கு ரோஜாச் செடிகள் வாங்கினேன். மூன்று ஒட்டு ரோஜா (காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டியது), ஒன்று பன்னீர் ரோஜா. கடைப் பெயரை இங்கே போடவில்லை, அதை நடத்தும் அண்ணன் நல்ல மனிதர், கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார், செடிகளும் உண்மையிலேயே தரமானவை. தண்டு பென்சில் கனத்துக்கு மேல், இலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் செம்பேன் இல்லை, ஒட்டுக் கட்டிய இடம் ஆறி இறுகியிருந்தது. ஒன்று 120 ரூபாய். இந்த விலைக்கு இப்படிச் செடி கிடைப்பது பெரிய விஷயம்.

வினை எங்கே வந்தது என்றால், "தொட்டி கொண்டு வந்தா நாங்களே நட்டுத் தந்துடுவோம்க்கா, தொட்டிக்கு 50 ரூபாதான்" என்று அங்கே வேலை பார்க்கும் தம்பி சொன்னபோது, மாடிப்படி ஏறி மண் சுமக்க யோசித்த நான் சரி என்றுவிட்டேன்.

இருபது நாளில் இரண்டு செடி கருக ஆரம்பித்தது. நுனியிலிருந்து கறுப்பு இறங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன், அது இன்னும் மோசம். கடைசியில் ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினால், மண்ணோடு மண்ணாக உள்ளே கறுப்பு பாலித்தீன் கவர் அப்படியே இருக்கிறது! அடியில் மட்டும் பிளேடால் ஒரு கீறல். கவருக்குள் செம்மண் உருண்டை செங்கல் மாதிரி இறுகி, வேர் வெளியே வர வழியில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. நான் ஊற்றிய தண்ணீர் எல்லாம் உருண்டையைச் சுற்றியே இறங்கிப் போயிருக்கிறது. நடுவில் காய்ந்த மண், வெளியே சேறு. போதாக்குறைக்கு ஒட்டுப் பகுதியையும் மண்ணுக்குள் புதைத்திருந்தார்கள்.

மண் கலவை என்று போட்டதும் பெரும்பாலும் பக்கத்து வயல் வண்டல்தான். நெல்லுக்கு அதைப்போல மண் கிடையாது, ஆனால் தொட்டியில் போட்டால் ஈரமானால் களி, காய்ந்தால் ஓடு. ஐப்பசி அடைமழையில் அந்தத் தொட்டி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

கருகிய இரண்டும் செத்துவிட்டன, மீதி இருந்த இரண்டையும் நானே மாற்றி நட்டேன். கவரை முழுசாகக் கிழித்து, உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, விரலால் மெதுவாக ஓர மண்ணை மட்டும் கரைத்துவிட்டேன், நடுவில் இருப்பதைத் தொடவில்லை. 12 அங்குலத் தொட்டி, ஓட்டையின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று, குப்புறக் கவிழ்த்து. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்த்தூளை அலசாமல் போடாதீர்கள், உப்பு இருக்கும். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நட்டதும் நிறையத் தண்ணீர், பிறகு ஒரு வாரம் நிழல், அப்புறம்தான் வெயில். கறுத்த கிளைகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டி, முனையில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். அது வேலை செய்ததா, வெட்டியதே போதுமா என்று தெரியாது, பாட்டி செய்வாள், நானும் செய்தேன்.

மூன்றாவது வாரம் செந்நிறத் துளிர். பன்னீர் ரோஜா இப்போது வாரத்துக்கு ஏழெட்டுப் பூ தருகிறது, ஒட்டு ரோஜா மெதுவாகத்தான் வருகிறது. ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு காட்டுக் கிளை கிளம்பியது, அதை அடியோடு பிடித்து இழுத்துப் பிய்த்துவிட்டேன். விட்டால் அதுதான் வளரும், நாம் வாங்கிய செடி தேய்ந்துவிடும்.

அந்த அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கோபிக்கவில்லை, "கவரோட நட்டா வேர் அசையாதுன்னு பசங்க நினைச்சிருக்காங்க" என்றார், ஒரு செடி மாற்றித் தந்தார். அது நியாயம்தான், ஆனால் இரண்டு செத்ததே? அதைக் கேட்டால் சிரித்துக்கொண்டே செம்பருத்தி ஒன்றை நீட்டினார்.

செடிக்கு ஐந்துக்கு நான்கு, நட்டுக்கொடுப்பதற்கு ஒன்று. மறுபடி அங்கேதான் வாங்குவேன், கவரோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். செம்பருத்தி நன்றாக இருக்கிறது.